அந்தியோக்கியா கலவரம்: வரியைக் குறைத்ததுதான் தப்பு

தொண்டியில் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். மூன்று நாளாக ‘ரோம்: டோட்டல் வார்’ கணினி ஆட்டத்தில் அந்தியோக்கியா நகரம் அடங்கவில்லை: பொது ஒழுங்கு 65%, அடிக்கடி கலவரம். வரியைக் குறைத்தேன். ஒழுங்கு ஏறியது, கூடவே மக்கள்தொகை பெருகி, நகர அசுத்தம் கூடி, பழையபடி இறங்கியது. தேர்ந்த படையைக் காவலுக்கு வைத்தும் பலனில்லை. காவல் கணக்கு தலையைத்தான் எண்ணும், வீரத்தை இல்லை. படைப்பிரிவு அளவை உச்சத்தில் வைத்தால் ஹஸ்டாட்டி என்ற ரோமக் காலாட்படைப் பிரிவு 160 பேர், மலிவான குடியானவர் பிரிவு 240 பேர்! காவலுக்குக் குடியானவர்களை மாற்றினேன், பாதி சரியானது.

மீதி, நகர விவரத் திரையில் கண்ணில் படாமல் கிடந்தது. ஒழுங்கைக் குறைக்கும் சின்னங்கள், ஒன்றுக்கு 5%. அதில் தலைநகரிலிருந்து உள்ள தூரத்துக்கான சின்ன வரிசைதான் நீளம். தலைநகரை இத்தாலியின் அரெட்டியத்திலிருந்து கிழக்கே கிரேக்கத்தின் கொரிந்துக்கு மாற்றினேன். கலவரம் நின்றது. மேற்கே உள்ள நகரங்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், தூரம் இப்போது அவற்றுக்குக் கூடும்.