எஸ்எஸ்டியை எந்த எம்.2 ஸ்லாட்டில் பொருத்த வேண்டும்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மதர்போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட்டுகள் (பட்டை வடிவ எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைச் செருகும் இடங்கள்) இருந்தால், அவை பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். நீளம், அகலம், ஸ்க்ரூ போடும் இடம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒரு ஸ்லாட்டின் தடங்கள் (தரவு செல்லும் பாதைகள்) நேரே ப்ராசசருக்கும், மற்றொன்றின் தடங்கள் சிப்செட்டுக்கும் (மற்ற பாகங்களை ப்ராசசருடன் இணைக்கும் துணைச் சில்லு) செல்லலாம். அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

என் சித்தப்பா மகன் தன் கணினிக்கு ஒரு என்விஎம்இ வகை (விரைவான வகை) எஸ்எஸ்டி வாங்கி, ப்ராசசருக்குக் கீழே முதலில் இருந்த ஸ்லாட்டில் பொருத்தினான். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) அது தென்படவே இல்லை. கடைக்கு எடுத்துச் சென்றபோது எஸ்எஸ்டியில்தான் பழுது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் அலைச்சலுக்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்தான். அதே எஸ்எஸ்டியை இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றியதும் உடனே வேலை செய்தது. அதற்கான காரணத்தை மூன்றாம் படியில் விளக்குகிறேன்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா (ஹார்டு டிஸ்க்குகளும் பயன்படுத்தும் பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டியும் வருகிறது, என்விஎம்இ எஸ்எஸ்டியும் வருகிறது. சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வேகத்தைத் தாண்டாது. என்விஎம்இ வகை பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பின் தடங்களைப் பயன்படுத்துவதால் பன்மடங்கு விரைவானது. தங்க நிறத் தொடுமுனைகள் உள்ள விளிம்பைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இதில் விதிவிலக்குகள் உண்டு என்பதால், மேலே ஒட்டியுள்ள லேபிளைப் படித்து உறுதிசெய்துகொள்வதே நல்லது.

அளவையும் பார்த்துவிடுங்கள். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்.

படி 2: மதர்போர்டின் கையேட்டைத் திறங்கள்

போர்டின் மேலேயே அதன் மாடல் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெயரைக் கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து கையேட்டைப் பிடிஎஃப் வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் சேமிப்பகம் பற்றிய பக்கத்தில் எம்2_1, எம்2_2 போன்ற பெயர்களுடன் ஒவ்வொரு ஸ்லாட்டும் எதனுடன் இணைந்துள்ளது, எந்தத் தலைமுறை பிசிஐஇ, எத்தனை லேன் (தடம்), சாட்டாவை ஏற்குமா என்ற நான்கு விவரங்களும் இருக்கும். எஸ்எஸ்டி வாங்கிய பிறகு படிப்பதைவிட, வாங்கும் முன்பே இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வைஃபை அட்டைக்கென்று தனியாக ஒரு குட்டை ஸ்லாட் இருந்தால், அது எஸ்எஸ்டிக்கு உரியது அன்று.

படி 3: ப்ராசசரா, சிப்செட்டா என்று தீர்மானியுங்கள்

நான்கு லேன் கொண்ட பிசிஐஇ 3.0 ஸ்லாட் நொடிக்கு ஏறத்தாழ 3.9 ஜிபி வரை கொடுக்கும்; 4.0 அதைப்போல் இரு மடங்கும், 5.0 நான்கு மடங்கும் கொடுக்கும். ப்ராசசருடன் நேரடியாக இணைந்த ஸ்லாட்டுக்கு இந்தப் பாதை முழுவதும் தனக்கென்றே கிடைக்கிறது. சிப்செட் வழியாகச் செல்லும் ஸ்லாட்டோ, யுஎஸ்பி, சாட்டா, நெட்வொர்க் ஆகியவற்றுடன் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டுதான் ப்ராசசரைச் சென்றடைகிறது. ஆகவே விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவப்போகும் எஸ்எஸ்டியை ப்ராசசர் ஸ்லாட்டிலும், படங்களும் கோப்புகளும் வைக்கும் எஸ்எஸ்டியை சிப்செட் ஸ்லாட்டிலும் போடுவதே பொருத்தமான முறை.

ஆனால் ப்ராசசர் ஸ்லாட் என்ன வேகத்தில் இயங்கும், இயங்குமா இயங்காதா என்பதை முடிவுசெய்வது அதில் அமர்ந்திருக்கும் ப்ராசசர்தான். ஏஎம்டியின் பி550 போர்டில் ரைசன் 5 5600 இருந்தால், முதல் ஸ்லாட் 4.0 வேகத்தில் இயங்கும். அதே போர்டில் 5600ஜி இருந்தால் 3.0 மட்டுமே கிடைக்கும், ஏனெனில் அந்த ப்ராசசருக்கு அதற்கு மேல் தெரியாது. பழைய பி450 போர்டில் சிப்செட் தரும் லேன்கள் பிசிஐஇ 2.0 தலைமுறையைச் சேர்ந்தவை. சில பி450 போர்டுகளின் இரண்டாம் ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும், என்விஎம்இயைப் போட்டால் அது தென்படாது.

முதலில் சொன்ன என் சித்தப்பா மகனின் கணினியில் நடந்ததும் இத்தகையதுதான். அவனுடையது இன்டெல் பி560 போர்டு, ப்ராசசர் ஐ5-10400. இன்டெல்லின் 10-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் எஸ்எஸ்டிக்கென்று தனி லேன்களே கிடையாது. 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறையில்தான் அதற்கென நான்கு லேன்களைச் சேர்த்தார்கள். அவனுடைய போர்டின் முதல் ஸ்லாட் அந்த நான்கு லேன்களை நம்பியே அமைக்கப்பட்டிருந்ததால், 10-ஆம் தலைமுறை ப்ராசசருடன் அது உயிரற்றே கிடந்தது. எஸ்எஸ்டியிலும் குறையில்லை, போர்டிலும் குறையில்லை. கையேட்டில் ஒரே ஒரு வரியில் இது எழுதப்பட்டிருந்தது.

படி 4: எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள்

சில ஸ்லாட்டுகள் தம் லேன்களை வேறொன்றுடன் பங்கிட்டுக்கொள்கின்றன. எம்2_2-இல் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா 5, 6 ஆகிய போர்ட்டுகள் செயலிழக்கும் என்பது போன்ற குறிப்புகள் கையேட்டில் காணப்படும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் அது பழுதாகிவிட்டது என்று பதறாமல், கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சில இசட்790 போர்டுகளில் 5.0 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் கிராஃபிக்ஸ் அட்டையின் 16 லேன்கள் 8 ஆகக் குறையும். விளையாட்டுக்காகவே கணினி வைத்திருப்பவர்கள் அந்த ஸ்லாட்டைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 5: பொருத்துங்கள்

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை வெளியேற்றுங்கள். 80 மி.மீ. இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் (ஸ்க்ரூவைத் தாங்கும் சிறு உலோகத் தூண்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போர்டுடன் வந்த சிறு பையில் அது இருக்கும். எஸ்எஸ்டியின் வெட்டையும் ஸ்லாட்டின் மேட்டையும் நேராக வைத்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்க நிறம் ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும். விரலை எடுத்ததும் மறுமுனை தானாகச் சற்று மேலே தூக்கி நிற்கும், அது இயல்பானதே. அதை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைப் போடுங்கள், தடுத்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோக மூடி) இருந்தால், அதன் அடியிலுள்ள மென்மையான தெர்மல் பேடின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி அதை உரித்த பிறகே மூட வேண்டும். உரிக்க மறந்தால், வெப்பம் சரியாகக் கடத்தப்படாமல் எஸ்எஸ்டி சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

படி 6: சரிபாருங்கள்

முதலில் பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் புதிய எஸ்எஸ்டி தென்படாவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை ஜிபிடி (வட்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பதிவுசெய்யும் முறை) முறையில் இனிஷியலைஸ் செய்ய வேண்டும். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், ட்ரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் இரண்டு மதிப்புகள் தெரியும்: இடப்பக்கம் இப்போது கிடைக்கும் வேகம், வலப்பக்கம் எஸ்எஸ்டியால் இயலும் வேகம். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. இடப்பக்கம் குறைவாக இருந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பி வேறு ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராசசரின் எல்லையே அதுதான் என்றால் அப்படியே விட்டுவிடலாம். அன்றாட வேலைகளில் 3.0-க்கும் 4.0-க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் உணரவே முடியாது.