பீனிசத்துக்குக் கைவைத்தியம்: எரிந்தால்தான் மருந்தா?

திருகோணமலையில் பீனிசத்துக்கு, அதாவது சைனஸ் அடைப்புக்கு, கைவைத்தியம் தெரியாத வீடு இல்லை. கார்த்திகை மாரியில் மூக்கு அடைத்தால் போதும். ஒருவர் நொச்சிக் கொப்பு ஒடித்துக்கொண்டு வருவார். இன்னொருவர் மஞ்சளைச் சுட்டு இழுக்கச் சொல்வார். உப்புவெளிக் கடலில் போய் நாலு முழுக்குப் போடு, எல்லாம் இறங்கிவிடும் என்று சொல்லவும் ஆள் இருக்கும். இவற்றில் நல்லதும் உண்டு, வீணானதும் உண்டு, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. நான் பார்த்த அளவில் பெரும்பாலான தவறுகளுக்கு அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: மூக்குக்குள் சுள்ளென்று எரிந்து கண்ணால் தண்ணி ஓடினால்தான் மருந்து பிடிக்கிறது என்பது.

மூக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. மூக்கைச் சுற்றி, நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் பின்னாலும், நாலு சோடிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் ஊறும் சளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் தள்ளித் தள்ளி மூக்குக்குள் கொண்டுவந்து விடும். கன்னத்து அறையின் வாசல் கீழே இல்லை, மேலே இருக்கிறது. குளியலறையில் தண்ணி போகும் துளையைக் கூரைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினது மாதிரி. அதனால் சளி தானாக வடியாது, அந்த நுண்மயிர்கள்தான் மேலே ஏற்றிவிட வேண்டும். தடிமன் பிடித்து உட்சவ்வு வீங்கினால் வாசல் அடைபடும், சளி தேங்கும், கன்னமும் நெற்றியும் பாரமாகும். இதுதான் பீனிசம். கைவைத்தியத்தின் வேலை வீக்கத்தைக் கூட்டாமல் சளியை இளக்கிக் கொடுப்பது. எரிக்கிற எதுவும் வீக்கத்தைக் கூட்டும்.

புகை, உள்ளி, தேசிக்காய்

மஞ்சள் துண்டை விளக்கில் பிடித்து, நுனி கறுத்துப் புகை எழும்பும்போது ஒரு மூக்கைப் பொத்திக்கொண்டு மற்ற மூக்கால் இழுப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். இழுத்தவுடன் தும்மல் வரும், மூக்கால் தண்ணியாக ஓடும். “பார், வேலை செய்யுது” என்பார்கள். உண்மையில் அது எரிச்சல் தாங்காமல் மூக்கு தன்னைக் கழுவிக்கொள்வது. மஞ்சளில் எவ்வளவு நல்ல குணம் இருந்தாலும் எரித்த பிறகு உள்ளே போவது புகைதான். புகை அந்த நுண்மயிர்களை மந்தமாக்கும். இழைப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அதுவே இழைப்பைக் கிளப்பிவிடும். தலைமுழுகிய பிறகு சாம்பிராணி காட்டுவதற்கும் இதுதான் கதை. வீட்டில் பீனிசக்காரர் இருந்தால் அன்றைக்கு நுளம்புத்திரியையும் ஊதுபத்தியையும் கூடத் தள்ளி வையுங்கள்.

உள்ளிப் பல்லை உரித்து மூக்குத் துவாரத்தில் செருகி வைப்பது அண்மைக்காலத்தில் கைத்தொலைபேசி வீடியோக்களில் வந்த கூத்து. வெளியே எடுத்தவுடன் சளி கொட்டுவது உண்மைதான். உள்ளிச் சாறு சவ்வைச் சுட்டதால் புதிதாகச் சுரந்த சளி அது, உள்ளே தேங்கியது வந்துவிடவில்லை. பல் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் இன்னொரு வேலை. தேசிக்காய்ச் சாறு, இஞ்சிச் சாறு, வெங்காயச் சாறு எல்லாமே இந்தக் கணக்குத்தான். மூக்குக்கு வேண்டாம், ரசத்துக்குப் போடுங்கள்.

ஆவி பிடிப்பது

ஆவி பிடிப்பதை நான் குறை சொல்லமாட்டேன், அளவாக இருந்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது பீனிசத்தை மாற்றும் மருந்து என்று நம்பியிருக்க வேண்டாம். இங்கிலாந்தில் நாட்பட்ட பீனிசம் உள்ள 871 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2016 இல் வெளியானது. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு குணம் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலையிடி குறைந்ததைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

தவறு நடப்பது செய்யும் விதத்தில். அடுப்பால் இறக்கிய சட்டியைக் கதிரையில் வைத்து, அதில் சித்தாலேப தைலத்தையோ விக்ஸையோ ஒரு விரல் அள்ளிப் போட்டு, போர்வையை முழுக்க மூடிக்கொண்டு, பிள்ளையையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளை திமிறும், சட்டி சரியும். ஆவி பிடிக்கப் போய்த் தொடையும் வயிறும் வெந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் எந்த நாட்டிலும் உண்டு. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் சட்டியை உறுதியான மேசையில் சுவரோடு ஒட்டி வைத்து, கொதி அடங்கிய பிறகு, முகத்தை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வைத்து, ஐந்து பத்து நிமிடம் பிடித்தால் போதும். நொச்சி இலை போடுவதென்றால் போடலாம். தைலம் போட்டால் கண் எரியும். அப்புறம், தைலத்தின் குளிர்ச்சியில் மூக்கு திறந்தது போலத் தெரிவதும் ஒரு மயக்கம்தான். தைலத்தில் உள்ள மெந்தோல் குளிரை உணரும் நரம்பைத் தூண்டுவதால் காற்று நன்றாகப் போகிறது என்று தோன்றுமே தவிர, அடைப்பு அப்படியேதான் இருக்கும். நெற்றியில் பூசுங்கள், மூக்குக்குள் பூச வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் எங்கேயும் பூசக்கூடாது.

உப்புநீர்: நல்ல வைத்தியம், ஆனால் எந்தத் தண்ணி?

வீட்டில் செய்யக்கூடியவற்றில் உருப்படியானது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. பெரிய பிழைகள் நடப்பதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடல். கடல் சூழ்ந்த ஊர் என்பதால், கடல்தண்ணியை மூக்கால் உறிஞ்சினால் பீனிசம் கழுவுண்டு போகும் என்ற நினைப்பு இங்கே உண்டு. நம் உடம்பின் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு. கடல்நீரில் 35 கிராம் வரை, கிட்டத்தட்ட நாலு மடங்கு. அது சவ்வை எரிக்கும். துறைமுகத்து எண்ணெயும் வாய்க்கால் கழிவும் எந்தப் பக்கம் போகிறது என்று அலை சொல்லிக்கொண்டிருக்காது. கடையில் விற்கும் கடல்நீர் ஸ்பிரே சுத்திகரித்து அளவாக்கிய பொருள், அது வேறு.

அடுத்தது கன்னியா. வெந்நீரூற்று என்பதால் அந்தத் தண்ணி சுத்தமாகக் காய்ச்சினது மாதிரி என்று எண்ணி, வாளியால் அள்ளி ஊற்றும்போதே மூக்கிலும் ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு கிணறுகளும் இளஞ்சூடு முதல் நல்ல சூடு வரை இருக்கும், ஆனால் எதுவும் கொதிநீர் இல்லை. கிருமி சாகக் கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒரு வகை அமீபா உண்டு, நெக்ளீரியா என்பார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறும், பிழைப்பவர் மிகக் குறைவு. 2011 இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த்தண்ணியால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இதனால் இறந்தார்கள். 2024 இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்தது நினைவிருக்கும். அரிதான நோய்தான். கன்னியாவில் அது இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஆசையாய்க் குளியுங்கள், மூக்குக்குள் ஏற்றாதீர்கள். கிணற்றுத்தண்ணி, குழாய்த்தண்ணி எல்லாவற்றுக்கும் இதே சட்டம். போத்தல் தண்ணியையும் கொதிக்க வைத்தே பாவியுங்கள்.

செய்முறை இதுதான். தண்ணியைக் கேத்திலில் நன்றாகக் கொதிக்க வைத்து, கொதி வந்த பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் விட்டு, மூடியே ஆற விடுங்கள். கை தாங்கும் இளஞ்சூடு வந்ததும் 250 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி தூள் உப்பு, தட்டையாக வழித்து. எரிந்தால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்க்கலாம். நிலாவெளிப் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பு நல்ல உப்புத்தான், ஆனால் கரண்டியில் அளக்க அளவு பிடிபடாது, மண்ணும் இருக்கும். கறிக்கு அது, மூக்குக்குத் தூள் உப்பு. அயடீன் சேராதது கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் கரைச்சல் வேண்டாம் என்றால் மூக்கு கழுவும் உப்புப் பொதி பார்மசியில் கேட்டுப் பாருங்கள். அதற்கும் கொதித்தாறிய தண்ணிதான்.

தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, மேல்பக்கத்து மூக்கில் மெதுவாக விடுங்கள். மற்ற மூக்கால் வரும். பலமாகப் பீச்சக்கூடாது, உள்ளே உறிஞ்சக்கூடாது. மூக்கு முற்றாக அடைத்திருந்தாலும் காது வலித்தாலும் அன்றைக்கு விடுங்கள். சரியாகக் கலந்திருந்தால் எரியவே எரியாது. “ஒன்றும் தெரியவில்லையே” என்று அடுத்த தடவை உப்பைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் சரியான அளவு. பாவித்த போத்தலைக் கழுவிக் காய வையுங்கள். மிஞ்சிய தண்ணியை நாலு நாளைக்கு வைத்திருக்க வேண்டாம்.

கழுவிய பிறகு மூக்கைச் சிந்துவதிலும் அவசரம் கூடாது. இரண்டு மூக்கையும் பொத்திக்கொண்டு காது அடைக்கச் சிந்தினால் சளி வெளியே வருவதற்குப் பதில் அறைக்குள்ளேயே ஏறலாம். ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தை மெதுவாக.

எண்ணெய்

குழந்தையைக் குளிக்க வார்க்கும்போது மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அப்பம்மாமார் கோபிக்கக்கூடாது, இதை நிறுத்தத்தான் வேண்டும். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் இருமல்கூட வராமல் நுரையீரலில் தங்கி நிமோனியாவை உண்டாக்கும். பெரியவர்களும் தினமும் மூக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டு படுப்பது நல்லதில்லை. மூக்கில் மருந்து விடும் நசியம் என்று ஒரு சிகிச்சை சித்த வைத்தியத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவு சொல்லிச் செய்வது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிற ஊர் இது. நசியம் வேண்டுமென்றால் படித்த சித்த வைத்தியரிடம் போங்கள்.

குடிப்பதும் விழுங்குவதும்

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணி குடியுங்கள், சூடான நீர் சளியை இளக்கும், தொண்டைக்கு இதம். அதிமதுரம் போட்ட கசாயத்தை மட்டும் பிரஷர் உள்ளவர்கள் நாள்கணக்கில் குடிக்க வேண்டாம், அது பிரஷரைக் கூட்டும். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தேன் கூடாது. பாலும் வாழைப்பழமும் சளியைக் கூட்டும் என்று நோயாளியைப் பட்டினி போடுவதில் அர்த்தமில்லை.

கைவைத்தியம் சரிவராத மூன்றாம் நாள் பலர் பார்மசிக்குப் போய் அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து வாங்குவார்கள். சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் வகை. ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும், அந்த ருசியில் விடமாட்டார்கள். ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், திரும்ப விட வேண்டிவரும். மாதக்கணக்கில் சட்டைப் பையில் போத்தலோடு திரிகிறவர்களின் பீனிசத்தில் ஒரு பங்கு அந்தப் போத்தலே செய்தது.

சளி மஞ்சளாக, பச்சையாக வருகிறதே என்று போன வருடம் மிஞ்சின அமொக்சிசிலின் அன்ரிபயோட்டிக்கை எடுத்து விழுங்குவது அடுத்த பிழை. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களில் உள்ள பொருளால் வரும் நிறம் அது, வைரசுத் தடிமனிலும் வரும். பீனிசத்தில் பெரும்பங்கு வைரசால் வருவது. அது ஏழு முதல் பத்து நாளில் தானாக இறங்கும், அன்ரிபயோட்டிக் அதற்கு ஒன்றும் செய்யாது.

அது பீனிசமா முதலில்?

வெயிலில் போனால் ஒரு பக்கத் தலையிடி, வெளிச்சம் பார்க்க ஏலாது, ஓங்காளம். இதைப் பீனிசம் என்று வருடக்கணக்கில் நொச்சி அவிப்பவர்கள் அநேகம். அது பெரும்பாலும் மைக்ரேன், அதற்கு வைத்தியமே வேறு. ஒரு மூக்கால் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், பெரியவர்கள் மேல்கடைவாய்ப் பல்லைக் காட்டிப் பாருங்கள். பல்லின் வேரில் உள்ள சீழ் கன்னத்து அறைக்கு ஏறியிருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அப்படி வந்தால் மூக்குக்குள் மணியோ புளியங்கொட்டையோ கிடக்கிறதா என்று டொக்டர் பார்க்கட்டும், நீங்கள் ஊசியால் கிண்டியெடுக்க வெளிக்கிட வேண்டாம்.

பத்து நாள் கடந்தும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திடீரெனக் காய்ச்சலோடு திரும்பக் கூடியது என்றால் டொக்டரிடம் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அவ்வளவு நாளும் பொறுக்கக்கூடாது. கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கழுத்து விறைத்தால், தாங்க முடியாத தலையிடியோடு ஆள் தடுமாறினால், அது சட்டி வைக்கிற நேரமில்லை. இரவானாலும் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.