சீனம் தெரியாமலே தைவான் வெரைட்டி ஷோ பார்ப்பது எப்படி

கொரியன் டிராமா எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் தைவான் வெரைட்டி ஷோக்களைத்தான், அதாவது விளையாட்டு, சாப்பாடு, அரட்டை என்று ஓடும் டிவி நிகழ்ச்சிகளைத்தான் சொல்வேன். சேலத்தில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் சீனம் தெரியாது.

முதல் சிக்கல் தேடுவதில்தான். ஆங்கிலப் பெயரைப் போட்டால் துண்டு துண்டாக ஏதோ வரும். விக்கிபீடியாவில் அந்த ஷோவின் பக்கத்தைத் திறந்து, பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சீன எழுத்துகளைக் காப்பி செய்து யூடியூபில் போடுங்கள், முழு எபிசோடுகள் வரிசையாக வந்து நிற்கும்.

எடுத்தவுடனே பேச்சு ஷோவுக்குப் போகாதீர்கள். ஜாக்கி வூ நடத்தும் 'மிஸ்டர் பிளேயர்' 2014-ல் தொடங்கியது, அணி பிரித்து ஊர் ஊராகப் போய் விளையாடுவார்கள், யார் தோற்றார்கள், யார் ஏமாற்றினார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் சாப்பாட்டு ஷோ 'சூப்பர் டேஸ்ட்'. இரவுச் சந்தையில் சிப்பி ஆம்லெட் புரட்டுவதைப் பார்த்தால் வாய் ஊறும், அதனால் நாங்கள் தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவோம்.

சரி, மொழிக்கு என்ன செய்வது? யூடியூபில் சப்டைட்டிலுக்கான சிசி பட்டன் இருந்தால் செட்டிங்ஸில் போய் ஆட்டோ டிரான்ஸ்லேட் கொடுங்கள். இல்லாவிட்டாலும் பெரும்பாலான தைவான் ஷோக்களில் பேசுவது எல்லாம் படத்தின் அடியிலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். புரியாத இடத்தில் நிறுத்தி, இன்னொரு போனில் கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவைக் காட்டுங்கள். தைவானில் எழுதுவது பாரம்பரியச் சீன எழுத்து என்பதால் மொழியை அப்படியே தேர்வு செய்ய வேண்டும். எனக்குத் தமிழைவிட ஆங்கிலத்தில் மாற்றினால் தெளிவாக வருகிறது. நடுவில் திடீரென்று மொழிபெயர்ப்பு உளறினால் பயப்பட வேண்டாம், ஜோக்குக்காக, வழக்கமாகப் பேசும் மாண்டரின் சீனத்தை விட்டு, தைவானில் பேசும் இன்னொரு சீன மொழியான ஹொக்கியனுக்குத் தாவியிருப்பார்கள், ஜாக்கி வூ இதை அடிக்கடி செய்வார்.

தலைக்கு மேல் கலர் கலராக வந்து குதிக்கும் பெரிய எழுத்துகளையும் விடாதீர்கள், பாதிச் சிரிப்பு அதில்தான் இருக்கிறது. ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை சேர்ந்து வருவதையும், அதன் இடப்பக்கம் ஒரு குட்டிச் சதுரப் பெட்டி இருப்பதையும் முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். அது 'ஹா' என்ற எழுத்து, அந்தப் பெட்டிக்கு வாய் என்று அர்த்தம். கேள்வியின் கடைசியில் வரும் 'மா'விலும் அதே பெட்டி உண்டு. இப்போதெல்லாம் பெட்டி வந்தாலே அம்மா எனக்கு முன்னால் சிரித்துவிடுகிறார்.

இவ்வளவும் பழகிய பிறகு 'காங்சி லாய் லே' பாருங்கள். 2004 முதல் 2016 வரை ஓடிய பேச்சு ஷோ. அதை நடத்திய சாய் காங்யோங், சூ சீ-டி என்ற இருவரின் பெயரிலிருந்தும் ஒவ்வோர் அசையை எடுத்துச் சேர்த்தால் காங்சி, அது ஒரு பழைய சீனப் பேரரசரின் பெயரும்கூட, அதனால் தலைப்பே 'காங்சி வந்துவிட்டார்' என்று ஒலிக்கும். சாய் நிதானமாக நூல் விட்டுக் கேட்பார், சூ நேராகப் போட்டு உடைப்பாள், வந்த விருந்தாளி நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். 'மெட்டியோர் கார்டன்' என்ற தைவான் டிராமாவின் நாயகி பார்பி சூவின் தங்கைதான் இந்த சூ சீ-டி.

ஏற்காட்டுக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் அஸ்தம்பட்டி தாண்டும் முன்பே இரண்டு எபிசோடை டவுன்லோடு செய்துவிடுங்கள், 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் சிக்னல் பல முறை போய்விடும். மலை மேல் பார்க்க 'மிஸ்டர் பிளேயர்'தான் தோது, மொழிபெயர்ப்பு இல்லாமலே ஓட்டிவிடலாம்.