மீள் அளவீடுகளுக்கு ஒட்டுறவு அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் பகுப்பாய்வைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் மூவரின் நிரல்களைச் சரிபார்க்கும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. மூன்று நிரல்களிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி, பிறகு வெட்கப்பட்டுத் திருத்திய நிரலில் இருந்ததும் அதே பிழைதான். ஒருவரையே பலமுறை அளந்துவிட்டு, அந்த அளவீடுகளை வெவ்வேறு நபர்களுடையவை போல நடத்தக்கூடாது என்பதை எல்லாப் பாடநூல்களும் சொல்லிவிடுவதால், அத்தகைய வெளிப்படையான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருவரின் அளவீடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே மாறும் தன்மையான ஒட்டுறவைக் (correlation) கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள், அதைச் செய்யும் வழியில் தடுக்கி விழும் இடங்களை மட்டுமே எழுதுகிறேன்.

நேர மாறியைக் கொடுக்காமல் ஏஆர்-1 அமைப்பைப் பொருத்துதல்

அளவீடுகளுக்கிடையிலான ஒட்டுறவு எப்படி மாறுகிறது என்று சொல்லும் விதியே ஒட்டுறவு அமைப்பு. அவற்றில் ஒன்றான ஏஆர்-1 (முதல் படித் தன்சார்பு) அமைப்பு சொல்வது எளிமையானது: அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளுக்கிடையே ஒட்டுறவு 0.8 என்றால், இரண்டு படி தள்ளி இருப்பவற்றுக்கு 0.64, மூன்று படிக்கு 0.512 என்று அது அடுக்குகளாகத் தேய்ந்துகொண்டே போகும். இதில் ‘அடுத்தடுத்த’ என்பதற்கு என்ன பொருள் என்பதை நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆர் மொழியில் இத்தகைய மாடல்களைப் பொருத்தும் என்எல்எம்இ (nlme) தொகுப்பு, கோப்பில் வரிகள் நிற்கும் வரிசையையே காலமாக எடுத்துக்கொள்கிறது. அதற்காக அது பிழைச்செய்தி எதையும் தருவதில்லை.

நான் விழுந்த பள்ளத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கண் அழுத்தம் பற்றிய தரவு அது. ஒவ்வொரு நோயாளிக்கும் 0, 2, 4, 12, 24 ஆகிய வாரங்களில் இரண்டு கண்களிலும் அழுத்தம் அளக்கப்பட்டிருந்தது. ஆக, நோயாளிக்குள் கண், கண்ணுக்குள் வருகைகள் என்று தரவு ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருந்தது. நானோ நோயாளிக்கு மட்டும் சமவாய்ப்பு விளைவைக் (ஒவ்வொருவரும் பொதுச் சராசரியிலிருந்து விலகும் அளவு) கொடுத்துவிட்டு, எச்சங்களுக்கு (மாடல் விளக்காமல் விட்ட மீதிக்கு) நோயாளி அளவில் ஏஆர்-1 அமைப்பைக் கேட்டேன். முதலில் வாரத்தை நேர மாறியாகக் கொடுத்தபோது, ஒரே குழுவுக்குள் ஒரே நேர மதிப்பு இருமுறை வரக்கூடாது என்று மென்பொருள் மறுத்தது. ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு கண்கள் இருந்ததால் அந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது. ஆனால் அதன் காரணத்தை யோசிக்காமல், நேர மாறியை நீக்கினால் செய்தி மறைந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து மகிழ்ந்தேன். நான் அண்மையில் பார்த்த மூவரும் இதே வழியில்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அதன் விளைவைப் பாருங்கள். கோப்பில் ஒரு நோயாளியின் பத்து வரிகள் வாரம் 0 வலது, வாரம் 0 இடது, வாரம் 2 வலது, வாரம் 2 இடது என்று தொடங்கி, வாரம் 24 இடது வரை சென்றன. வரிசையே காலம் என்றானபின், 12ஆம் வாரத்து இடது கண்ணும் 24ஆம் வாரத்து வலது கண்ணும் பக்கத்து வரிகள். எனவே அவற்றின் எச்சங்களுக்கிடையே ஒட்டுறவு 0.8. அதே 12ஆம் வாரத்து இடது கண்ணுக்கும் 24ஆம் வாரத்து இடது கண்ணுக்கும் இடையில் இரண்டு படிகள் இருப்பதால் ஒட்டுறவு 0.64. அதாவது ஒரு கண் தன்னோடு கொண்டுள்ள உறவைவிட, மூன்று மாதம் கழித்து அளக்கப்பட்ட மற்ற கண்ணோடு கொண்டுள்ள உறவு நெருக்கமானது என்று என் மாடல் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வார இடைவெளியும் பன்னிரண்டு வார இடைவெளியும் அதற்கு ஒன்றுதான். யாராவது ஒரு வருகைக்கு வராமல் போயிருந்தால், அந்த இடைவெளி ஓசையின்றி மூடப்பட்டு, மீதி வரிகள் நெருங்கி நின்றுவிடும்.

இது எனக்குத் தெரியவந்ததும் தற்செயலாகத்தான். வரைபடம் தயாரிப்பதற்காக உடன் பணியாற்றியவர் கோப்பைக் கண் வாரியாக வரிசைப்படுத்திச் சேமித்தார். மறுநாள் அதே நிரல், அதே எண்கள். ஆனால் சிகிச்சை விளைவின் திட்டப் பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் அளவு) வேறாக வந்தது. தரவு எங்கோ சிதைந்துவிட்டது என்று நம்பி இரண்டு நாட்கள் மூலப் படிவங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். தரவில் எந்தக் குறையும் இல்லை. புதிய வரிசையில் வலது கண்ணின் 24ஆம் வாரமும் இடது கண்ணின் 0ஆம் வாரமும் அண்டை வீட்டுக்காரர்களாகியிருந்தன. ஒரே நாளில் அளந்த இரு கண்களோ ஐந்து படி விலகிப் போயிருந்தன. அதற்குள் முதல் முடிவுகளை மேலே அனுப்பியாகிவிட்டது. அவற்றைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதிய நாளை இன்றும் மறக்க முடியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கோப்பின் நகலில் வரிகளைக் கலைத்துப் போட்டு, மாடலை மறுபடி பொருத்தி, இரண்டின் லாக் லைக்லிஹுட் மதிப்புகளையும் (மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) ஒப்பிடுங்கள். அவை வேறுபட்டால், உங்கள் மாடல் வரிசை எண்ணைக் காலமாக வாசித்துக்கொண்டிருக்கிறது.

சரியான அமைப்பில் ஒட்டுறவின் குழு ‘நோயாளிக்குள் கண்’ என்று இருக்க வேண்டும்; சமவாய்ப்பு விளைவுகளும் அந்த இரு அடுக்குகளிலும் இருக்க வேண்டும். இடைவெளிகள் சமமாக இல்லாததால், முழு எண் படிகளை மட்டுமே அறிந்த ஏஆர்-1 அமைப்புக்குப் பதிலாக, அதன் தொடர்கால வடிவம் தேவை. அதில் ஒரு வாரத்துக்கு ஒட்டுறவு 0.9 என்றால் இரண்டு வாரத்துக்கு 0.81, எட்டு வாரத்துக்கு ஏறத்தாழ 0.43, பன்னிரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 0.28 என்று உண்மையான இடைவெளியைப் பொறுத்துக் குறையும். இங்கே நேரத்தை நாட்களில் கொடுப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். என்எல்எம்இ தொகுப்பு 0.2 என்ற தொடக்க மதிப்பிலிருந்து தேடத் தொடங்குகிறது, இரண்டு வாரம் என்பது 14 நாட்கள், 0.2ஐ 14 முறை பெருக்கினால் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால், தேடல் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடக்கூடும். நேரத்தை வாரமாகவோ மாதமாகவோ மாற்றுங்கள், அல்லது 1க்கு நெருக்கமான தொடக்க மதிப்பை நீங்களே கொடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டியிருந்தால் இரண்டு கண்களின் அளவும் சேர்ந்தே உயரும். கண்ணுக்குள் மட்டும் இயங்கும் ஒட்டுறவு அமைப்பு அதைப் பிடிக்காது. அதற்கு ‘நோயாளிக்குள் வருகை’ என்ற இன்னொரு சமவாய்ப்பு விளைவு வேண்டும். வருகை என்பது கண்ணுக்குள் அடங்குவதில்லை, கண்ணைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது என்பதைத் தாளில் ஒரு முறை வரைந்து பார்த்தால் விளங்கிவிடும்.

எச்சரிக்கைச் செய்தியைப் படிக்காமல் விடுதல்

சமவாய்ப்பு விளைவைக் கண் வரை கொடுத்து, ஒட்டுறவை நோயாளி அளவில் கேட்டால், மென்பொருள் உங்கள் குழுவைத் தானே கண் அளவுக்கு மாற்றிக்கொண்டு, அதை ஒரு வரி எச்சரிக்கையில் சொல்லிவிட்டுப் போய்விடும். படியுங்கள்.

சமவாய்ப்பு வெட்டுத்துண்டும் சீரான ஒட்டுறவும் சேர்ந்தே

முன்னது குழுவுக்கொரு தனி மட்டத்தைத் தருகிறது, பின்னது குழுவின் எல்லா இணைகளுக்கும் ஒரே ஒட்டுறவைத் தருகிறது. ஒரே குழுவுக்கு இரண்டும் ஒன்றையே சொல்கின்றன, ஒன்றை நீக்குங்கள்.

‘கட்டுப்பாடே இல்லாத அமைப்புதான் பாதுகாப்பானது’

ஒவ்வொரு வருகையின் மாறுபாட்டையும் ஒவ்வொரு இணையின் ஒட்டுறவையும் தனித்தனியே மதிப்பிடும் இந்த அமைப்பு, ஐந்து வருகைகளுக்கு 15 அளபுருக்களைக் (மதிப்பிட வேண்டிய எண்களை) கேட்கிறது. பத்து வருகைகளுக்கு 55. வருகைகள் குறைவாகவும் எல்லோருக்கும் பொதுவான நாட்களிலும் இருந்து, நோயாளிகள் நிறைய இருந்தால் இது நல்ல தேர்வுதான், நானும் பயன்படுத்துகிறேன். நாற்பது பேரையும் பத்து வருகைகளையும் வைத்துக்கொண்டு இதைக் கேட்பவர்களிடம் மட்டும் பொறுமை இழக்கிறேன்.

ஆர்இஎம்எல் முறையில் பொருத்திய மாடல்களின் ஏஐசி

ஏஐசி என்பது மாடல்களை ஒப்பிடும் ஒரு மதிப்பெண்; ஆர்இஎம்எல் என்பது மாறுபாடுகளை மதிப்பிடும் ஒரு முறை. நிலையான விளைவுகள் (சிகிச்சை போல எல்லோருக்கும் பொதுவானவை) வேறுபட்டால், இந்த முறையில் வந்த ஏஐசியை ஒப்பிடாதீர்கள்.

திடமான திட்டப் பிழை இருக்கிறதே என்ற துணிச்சல்

லியாங்கும் சீகரும் 1986இல் முன்வைத்த ஜிஇஇ (பொதுமைப்படுத்திய மதிப்பீட்டுச் சமன்பாடுகள்) முறையில், ஒட்டுறவு அமைப்பைத் தவறாகத் தேர்ந்தாலும் ‘திடமான’ திட்டப் பிழைகள் சரியாகவே அமையும் என்பது உண்மை. ஆனால் அது குழுக்கள் நிறைய இருக்கும்போது கிடைக்கும் உறுதி. குழுக்கள் குறைவாக இருந்தால் அந்தத் திட்டப் பிழைகள் உண்மையைவிடச் சிறியதாகவே வர முனைகின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய தரவில் எண்ண வேண்டியது மேலடுக்குக் குழுக்களை, வரிகளை அல்ல.

தவறான எச்சங்களைப் பார்த்துச் சரியான மாடலைக் கைவிடுதல்

ஒட்டுறவு அமைப்பைச் சேர்த்த பிறகு, எச்சங்களில் தன்னொட்டுறவு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று வரைந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் என்எல்எம்இ தொகுப்பு நாம் கேட்காவிட்டால் இந்த வரைபடத்துக்குப் பியர்சன் எச்சங்களையே (திட்ட விலக்கத்தால் மட்டும் வகுத்தவை) எடுத்துக்கொள்கிறது. பொருத்தப்பட்ட ஒட்டுறவு அவற்றிலிருந்து நீக்கப்படுவதில்லை என்பதால், அமைப்பைச் சேர்ப்பதற்கு முன் இருந்த அதே உயரமான கோடுகள் பின்னும் தெரியும். பொருத்திய ஒட்டுறவையும் நீக்கிய, இயல்பாக்கப்பட்ட எச்சங்களைக் கேட்டால்தான் அமைப்பு தன் வேலையைச் செய்ததா என்பது புலப்படும். அந்த மூவரில் ஒருவர், குழுவையும் நேரத்தையும் தானாகவே சரியாகக் கொடுத்துவிட்டு, பிறகு இந்தப் படத்தைப் பார்த்து ‘பயனில்லை’ என்று குறிப்பெழுதி, நேர மாறியில்லாத பழைய வரிக்கே திரும்பிப் போயிருந்தார். அவருடைய நிரலில் நான் மாற்றியது எச்சத்தின் வகையைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை.