2 ஜிபி ரேம் மடிக்கணினியை லினக்ஸில் ஓடவைத்தது

கோர் 2 டியோ பிராசஸர், 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். முதலில் மாற்றியது டிஸ்க்கைத்தான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்), 120 ஜிபி போதும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய சாட்டா 2 இணைப்பு அதன் முழு வேகத்தைத் தராது. ஆனாலும் சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் தாமதம் போய்விடுகிறது. பழைய கணினி மந்தமாவதற்கு அந்தத் தாமதம்தான் பெரிய காரணம்.

இந்த பிராசஸர் 64 பிட் என்பதால் டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பணித்திரையோடு நிறுவினேன். 32 பிட் மட்டுமே என்றால் டெபியன் 12-தான், 13-இல் அதற்கு நிறுவி இல்லை. ரூஃபஸ் என்ற விண்டோஸ் செயலியில் நிறுவியைப் பென் டிரைவில் எழுதும்போது, பிரிவு அட்டவணை வகையாக எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். புதிய வகையான ஜிபிடி என்று விட்டால், கணினியைத் துவக்கும் பழைய பயாஸ் பென் டிரைவிலிருந்து துவங்காமல் போகலாம்.

நிறுவிய பின் எந்த இணையதளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை வந்தால், உடனே நெட்வொர்க்கைச் சந்தேகிக்காதீர்கள், தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். பல போர்டுகளில் அது சிஆர்2032 வகை. மடிக்கணினியில் ஒயரோடு வருவதும் உண்டு.

ரேம் பற்றாக்குறைக்கு இசட்ரேம் என்ற லினக்ஸ் வசதி உண்மையிலேயே கைகொடுக்கிறது. அளவு ரேமில் 50 சதவீதம், சுருக்க முறை இசட்எஸ்டிடி. ரேம் நிரம்பியதும் டிஸ்க்குக்குப் போகவேண்டிய நினைவகப் பக்கங்கள் ரேமுக்குள்ளேயே சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். யூடியூப் திணறினால் ஃபயர்ஃபாக்ஸில், வீடியோவை விபி9-க்குப் பதில் எச்264 வடிவில் வரவைக்கும் எச்264ஐஃபை நீட்சியைச் சேர்த்து, 480பி-யில் பாருங்கள். விபி9 வடிவ வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் இந்தத் தலைமுறைக் கணினிகளில் கிடையாது.