வளவும் நேர்வாசலும்: கலந்து வரும் மைமோ சிக்னலைப் பிரிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேராகத் தெரியும். முகப்பில் இரண்டு ஆன்டெனா ரவுட்டர், கடைசிக் கட்டில் இரண்டு ஆன்டெனா லேப்டாப். ஒரே அலைவரிசையில் இரண்டு தகவல் ஒன்றாகக் கிளம்புகின்றன. பல ஆன்டெனாவால் அனுப்பி, பல ஆன்டெனாவால் வாங்கும் இந்த முறைதான் மைமோ. அந்த நேர்கோட்டில் இரண்டின் பாதையும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரிப்பது சிரமம். வளவு எனும் உள்முற்றத்தின் தூணிலும் சுவரிலும் பட்டுச் சிதறி வந்தால் பாதைகள் வேறுபடும், வேலை சுலபம். எதிரொலியைப் பகையாக நினைக்காதீர்கள்.

சிரமமான நேர்வாசலையே எடுப்போம். பேனாவும் கால்குலேட்டரும் போதும். (நிஜத்தில் கலப்பெண்கள் வரும், இங்கே மெய்யெண்களே.)

படி 1: பாதையை அளப்பது
ரவுட்டர் முதலில் நமக்குத் தெரிந்த பைலட் சிக்னலை அனுப்பும். அது மாறி வந்த விதத்திலிருந்து எச் அணி (எந்த ஆன்டெனாவிலிருந்து எதற்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்ற கணக்கு) கிடைக்கும்: முதல் நிரை 1, 0.9, இரண்டாம் நிரை 0.9, 1. ஒவ்வொரு தகவலும் +1 அல்லது −1. அனுப்பியவை இரண்டும் +1 என்றால் 1.9, 1.9 வர வேண்டும். இரைச்சல் சேர்ந்து 1.8, 2.1 வந்திருக்கிறது.

படி 2: ஜீரோ ஃபோர்சிங்
எச்சின் நேர்மாறு அணியால் பெருக்குங்கள்: −0.47, 2.53. முதல் தகவல் −1 என்று தப்பாகிவிட்டது! அணிக்கோவை மதிப்பு வெறும் 0.19. அதால் வகுக்கும்போது இரைச்சலும் சேர்ந்து வீங்குகிறது. குறுக்கீட்டை முழுதாக அழிக்கப் போனால் இதுதான் விலை. இந்தப் படியைக் கையால் போடாமல் பைத்தான் பக்கம் போகாதீர்கள்.

படி 3: எம்எம்எஸ்இ (சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைக்கும் வழி)
எச்சின் நிரை-நிரல் மாற்று அணியை எச்சால் பெருக்கினால் மூலைவிட்டத்தில் 1.81, மற்ற இடங்களில் 1.8. இரைச்சலின் திறன் 0.05 என்று கொண்டு மூலைவிட்டத்தில் மட்டும் கூட்டுங்கள்: 1.86. இதன் நேர்மாறால், மாற்று அணியும் வந்த சிக்னலும் பெருகிய 3.69, 3.72-ஐப் பெருக்கினால் 0.76, 1.26. இரண்டும் +1, சரி. அந்தச் சின்ன 0.05 செய்த உதவி இது.

படி 4: கழித்துப் பிரித்தல்
உறுதியாகத் தெரியும் இரண்டாவதை +1 என முடிவுசெய்து, அதன் பங்கை (0.9, 1) கழியுங்கள். மீதி 0.9, 1.1. இதை முதல் தகவலின் பங்கான (1, 0.9)-ஆல் பெருக்கிக் கூட்டி, 1.81-ஆல் வகுத்தால் முதல் தகவல் 1.04. பெல் லேப்ஸின் வி-பிளாஸ்ட் என்ற பல ஆன்டெனா முறை 1990களில் இந்த வழியில்தான் போனது. முதல் முடிவு தப்பினால் அடுத்ததும் தப்பும். அதனால் வரிசை முக்கியம்.

எல்லாச் சேர்க்கையையும் ஒப்பிடலாமே என்றால், இங்கே நான்குதான். ஒவ்வொரு தகவலும் 64 மதிப்புகளில் ஒன்றாக இருக்கக்கூடிய 64-க்யூஏஎம்மில் நான்கு ஆன்டெனாவுக்கு 1,67,77,216. வந்த புள்ளிக்கு அருகில் மட்டும் தேடும் ஸ்ஃபியர் டீகோடிங் அதற்காக வந்தது.

இப்போது வளவுக்கு வாருங்கள். 0.9-ஐ 0.3 ஆக்கி, அதே இரைச்சலோடு (−0.1, +0.2; அதாவது வந்தவை 1.2, 1.5) படி 2-ஐ மறுபடி போடுங்கள். 0.82, 1.25 வருகிறதா?