ஐபிஎஸ் (IBS, வயித்து வலியோட பேதியோ மலச்சிக்கலோ அடிக்கடி வர்ற குடல் பிரச்சனை) இருக்கா? நோட்டுல சாப்பாட்டோட சேத்து மனசையும் எழுதுங்க

பயம் வந்தா வயித்துல புளியக் கரைக்குதுன்னு சொல்றோம்ல, அது சும்மா பேச்சுக்கு இல்லங்க. குடல் சுவத்துலயே பத்து கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு, வேகஸ் நரம்பு வழியா மூளைக்கும் குடலுக்கும் எந்நேரமும் தகவல் போய்ட்டு வந்துட்டே இருக்கும். ஐபிஎஸ்ல அந்த நரம்பெல்லாம் ரொம்ப உஷாராயிடுது, சாதாரண கேஸ் கூட வலியாத் தெரியும், டென்ஷன்ல சிலருக்குப் பிச்சுக்கிட்டுப் போகும், சிலருக்கு அப்படியே நின்னுடும். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கற ஸ்கோப்பி நார்மல்னு வந்ததும் வீட்ல "எல்லாம் உன் நெனப்பு"ம்பாங்க. நம்பாதீங்க, வலி நெஜம்.

ஆனா மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, தூக்கத்துலேந்து எழுப்புற பேதி, ரத்தசோகை, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்சதுன்னா மொதல்ல டாக்டர்கிட்ட ஓடுங்க.

அதெல்லாம் இல்லன்னா ஒரு நோட்டு போடுங்க. என்ன சாப்ட்டேன், வயிறு எப்படி, மனசு எப்படி, தூக்கம் எப்படி, அவ்ளோதான். நான் சின்ன வெங்காய சாம்பார்தான் வில்லன்னு ரொம்ப நாள் நெனச்சேன், மூணு வாரம் எழுதிப் பாத்தா அதே சாம்பார் ஞாயித்துக்கிழமை ஒண்ணும் பண்ணல, திங்கக்கிழமை பஸ் ஸ்டாப்ல பேக இறுக்கிப் பிடிச்சுட்டு நிக்கும்போதுதான் முறுக்குது.

அதுக்காக சாப்பாடே காரணமில்லன்னு சொல்லல. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் நெறைய பேருக்கு ஒத்துக்காது. அதுக்கு மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கின லோ ஃபாட்மேப் டயட் (குடல்ல சரியா செரிக்காம கேஸ் கெளப்பற சில வகை மாவு, சர்க்கரைச் சத்தக் கொறைக்கறது) இருக்கு, ஆனா சில வாரம்தான், அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேக்கணும். சாப்பிடவே பயந்துட்டிருக்கவங்க இத தனியா ஆரம்பிக்காதீங்க, பயம் இன்னும் ஏறும்.

தினமும் அஞ்சு நிமிஷம் வயித்து மேல கைய வச்சு, 4 எண்ணி மூச்ச இழுத்து 6 எண்ணி விடுங்க. வலி வந்தப்புறம் மட்டும் பண்ணா பத்தாது, நல்லா இருக்கற நாள்லயும் பண்ணிப் பழகணும்.

சிபிடி தெரப்பி (நெனப்பையும் பழக்கத்தையும் மாத்திப் பழக்கற பேச்சு சிகிச்சை), குடலுக்குன்னே இருக்கற ஹிப்னோதெரப்பி ரெண்டும் பலருக்குக் கை குடுத்திருக்கு. டாக்டர் கம்மி டோஸ்ல அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்கும் குடுக்கற மாத்திரை) எழுதினா பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாரோன்னு பதறாதீங்க, குடல் நரம்போட வலியக் கொறைக்கத்தான் அது. டாக்டர்கிட்ட எத்தன தடவ போகுதுன்னு மட்டும் சொல்லாம, "பாத்ரூம் இல்லாத எடத்துக்குப் போகவே பயமா இருக்கு"ன்னும் சொல்லுங்க. நேர்ல வாய் வரலன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.